'உக்காரு' என்று ஒரு ஃபோல்டர்

இது எனக்கு நடந்தது. என் தோழிக்கோ, தோழியின் அண்ணனுக்கோ இல்லை. எனக்கு.

என் பெயர் ஏஞ்சல். காஞ்சிபுரம்தான் சொந்த ஊர். இதைச் சமையலறை மேடைமேல் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். ஏன் உட்காரவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பேய் என்றதும் நடுராத்திரியையும் சுடுகாட்டையும் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இது பகலில் நடந்தது. ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அடுத்த தெருவில் தறிச் சத்தம் கேட்டது. பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

2008-ஆம் வருடம். எனக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்து, ஒரு வருடம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை டிசைன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். வரதராஜ பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெரு. தெருவின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

முதலாளி தேவராஜன் சார். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். கீழே அவரும் அவர் மனைவி ரமாமணி மாமியும் குடியிருந்தார்கள். மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் இரண்டு கம்ப்யூட்டர்கள், சாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. புடவைக் கரையில் வரும் மயிலையும் யாளியையும் நான் திரையில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒரு கட்டம், ஒரு இழை. அடுத்த அறையில் ராஜவேலு அண்ணன் அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார். அந்த அட்டை தறிமேல் ஏறும். தறியில் மயில் வரும்.

எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது. அப்பாவுக்கு லாரி ஷெட்டில் கை நசுங்கிப் போயிருந்தது. வீட்டில் சம்பளம் கொண்டுவந்த ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "முதல் நாளே ஓடி வந்திருக்கலாமே" என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். ஓட முடியாது. அதனால்தான் ஓடவில்லை.

சார் திருட்டு சிடி போடமாட்டார். அதனால் இரண்டு கம்ப்யூட்டரிலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். அதில் ஒவ்வொருவருக்கும் தனி இடம் உண்டு. ஹோம் என்று பெயர். நம் வீடு மாதிரி. நம் கோப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கும். அடுத்தவர் உள்ளே வந்து எதையும் வைக்க முடியாது.

என் ஹோமில் இரண்டே ஃபோல்டர்கள் வைத்துக்கொண்டேன். கரைக்கு ஒன்று, முந்திக்கு ஒன்று. எனக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் காலையில் வந்து உள்ளே நுழைந்தால் போதும், கேட்காமலே வேறு ஃபோல்டர்கள் வந்து நிற்கும். மியூசிக். பிக்சர்ஸ். வீடியோஸ். பப்ளிக். எல்லாம் காலி. எல்லாவற்றையும் அழிப்பேன். மறுநாள் திரும்ப நிற்கும்.

இதில் பேய் எதுவும் இல்லை. சார் சிரித்தார்.

"அது தானா பண்றதும்மா. நீ உள்ள நுழையறச்சே ஒரு குட்டி புரோகிராம் ஓடும். எந்த ஃபோல்டர் இல்லையோ அதைப் போட்டு வெச்சுடும்."

"நிறுத்த முடியாதா சார்?"

"தேடிப் பாரேன்."

தேடினேன். இணையத்தில் ஒரு குழுவில் கேட்டேன். யாரோ புண்ணியவான் பதில் போட்டிருந்தார். மறைவாக இருக்கும் ஒரு அமைப்புக் கோப்பைத் திறந்து enabled=False என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். ஃபோல்டர்களை அழித்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஒன்றும் வரவில்லை. கரை, முந்தி. இரண்டு மட்டும். மனசு நிறைந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்திருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தேன். மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. கரை. முந்தி. மூன்றாவதன் பெயர் ஆங்கில எழுத்தில்:

ukkaru

உக்காரு.

திறந்தேன். காலி.

ராஜவேலு அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, என் சிஸ்டத்துல கை வச்சியா?"

"நானா? எனக்கு அத ஆன் பண்ணக்கூடத் தெரியாதும்மா. இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

அழித்தேன். செவ்வாய்க்கிழமை திரும்ப நின்றது. அழித்தேன். புதன்கிழமையும் நின்றது. அந்த வரியைப் போய்ப் பார்த்தேன். enabled=False அப்படியே இருந்தது. நான் எழுதியது எழுதியபடி. மியூசிக் வரவில்லை, பிக்சர்ஸ் வரவில்லை. இது மட்டும் வந்தது.

அதே வாரம்தான் நாற்காலியைக் கவனித்தேன்.

சுழலும் நாற்காலி. அதன் மெத்தைக்கு மாமி பழைய பட்டுப்புடவையைக் கிழித்து உறை தைத்திருந்தார். காலையில் மாமியிடம் சாவி வாங்கி முதலில் மாடி ஏறுவது நான்தான். பூட்டைத் திறப்பேன். ஜன்னலைத் திறப்பேன். உட்காருவேன்.

மெத்தை சூடாக இருந்தது.

யாரோ ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்துபோன மாதிரி ஒரு சூடு. பஸ்ஸில் ஒருவர் எழுந்த இடத்தில் உடனே உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு. ஜன்னல் பக்கம் வெயில் வராது. நான் கையை வைத்துப் பார்த்தேன். நடுவில் குழிந்திருந்தது. என் கண் முன்னால் மெல்ல மெல்ல... மேலே எழும்பிச் சமமானது.

வீட்டில் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா போகவேண்டாம் என்பார். போகாமல் முடியாது.

அந்த ஃபோல்டரை அடுத்த முறை அழிக்கப் பார்த்தபோது முடியவில்லை. உனக்கு அனுமதி இல்லை என்று வந்தது. என் வீட்டுக்குள் இருக்கும் பொருளைத் தொட எனக்கு அனுமதி இல்லை!

யாருடையது என்று பார்த்தேன். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும். என் கோப்புகளில் angel என்று இருக்கும். இதில் பெயர் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எண் இருந்தது. சாரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது... ஒரு ஆளோட கணக்கை அழிச்சுட்டா இப்படித்தான் நிக்கும். ஆள் போயிடுவா. அவா விட்டுட்டுப் போனதுல நம்பர் மட்டும் இருக்கும்."

"அப்ப இதுல முன்னாடி யாராவது வேல செஞ்சாங்களா சார்?"

"போன வருஷம் பொங்கலுக்குப் புதுசா வாங்கின மெஷின். நானும் நீயும்தான். மூணாவது கணக்கே போட்டதில்லை."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

"ஏஞ்சல், நேரா கேக்கறேன். நம்ம டிசைனை வெளியில யாருக்காவது குடுக்கறியா? யாரையாவது உள்ள விட்டிருக்கியா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்போ இதை நிறுத்து. நிறுத்த முடியலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு அதை அழித்தார். இணைய ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இனி வெளியிலிருந்து ஒரு ஈ கூட உள்ளே வர முடியாது.

அரைமணி நேரம் கழித்து என் கண் எதிரிலேயே வந்தது. அதுவரை காலையில் மட்டும்தான் வரும். அன்றைக்கு நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கம்ப்யூட்டருக்குள் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், பட்டியல் ஒரு தரம் சிமிட்டியது. கரை, முந்திக்குக் கீழே...

ukkaru

பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. இதனால் என் வேலை போகப்போகிறது. என் வீடு, என் ஹோம். விடுவேனா? முன்பு பதில் போட்ட அதே குழுவில் பிரவுசிங் சென்டரிலிருந்து கேட்டேன். ஒரு தந்திரம் சொன்னார்கள். அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை நாமே உருவாக்கி, யாரும் அசைக்க முடியாதபடி பூட்டிவிட வேண்டும். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது. கோப்பு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஃபோல்டர் வர முடியாது.

சாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தேன். ukkaru என்று ஒரு கோப்பு. பூட்டு. சாரே அவர் கையால் அழிக்க முயன்று பார்த்தார். முடியவில்லை. "சபாஷ்" என்றார். வேலை தப்பியது என்று மூச்சு விட்டேன்.

மறுநாள் காலை மெத்தை சூடாக இல்லை. நாற்காலி மட்டும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். என் பூட்டிய கோப்பு பத்திரமாக இருந்தது. அதற்குக் கீழே ஒன்று.

ukkarudi

உக்காருடி.

அதை நான் சாரிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. பார்க்காத மாதிரி வேலை செய்தேன். திரையில் அந்த ஜன்னலைச் சின்னதாக்கிப் பெயர் தெரியாமல் மறைத்துக்கொண்டேன். பின்னங்கழுத்தில் மட்டும் சதா ஒரு கூச்சம். ஒவ்வொரு தரம் தண்ணீர் குடிக்க எழும்போதும், அடுத்த அறைக்குப் போகும்போதும், பின்னால் நாற்காலி 'க்ரீச்' என்று ஒரு சுற்றுச் சுற்றும். நான் எழுந்த வேகத்தில் சுற்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மெதுவாக எழுந்து பார்த்தேன். அப்போதும் சுற்றியது.

நவம்பர் மாதம். புயல் மழை. நாலைந்து நாளாக வெயிலே இல்லை. சார் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தார். ஒரு முகூர்த்தப் புடவையின் கரை மறுநாள் காலை அட்டை அடிக்கத் தயாராக இருக்க வேண்டும். சாயந்திரம் நாலு மணிக்கு எழுந்து மாமியிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ராஜவேலு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ரோட்ல தண்ணி ஏறிக்கினு இருக்குதும்மா. நான் கிளம்புறேன். நீயும் சீக்கிரம் போய்ச் சேரு."

"இந்த ஒரு யாளி முடிஞ்சா போதும்ண்ணே. முடிச்சிட்டுப் போறேன்."

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. தெருக்கதவு சாத்தியது. மழைச் சத்தம் மட்டும்.

ஐந்து மணி தாண்டியிருக்கும். மழை இருட்டு. கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

பீப்...

பீப்...

யாளியின் வால் மட்டும் பாக்கி. சேமித்துவிட்டு அணைத்துவிடலாம் என்று சேமித்தேன். சேமிக்க ஹோம் திறக்கும் அல்லவா? திறந்தது. ukkarudi இருந்தது. நான் அதைப் பார்க்காமல் கையை மவுசில் வைத்தேன்.

கர்ர்ர்.

பட்டியல் சிமிட்டியது. புதிதாக ஒன்று.

ezhundhirukkadha

எழுந்திருக்காத.

இணைய ஒயர் இல்லை. மாடியில் ஆள் இல்லை. என் இரண்டு கைகளும் மவுசின்மேல் இருந்தன.

நான் கதவைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் படி. திரும்பவும் திரையைப் பார்த்தேன்.

anga paakkadha

அங்க பாக்காத.

அது என்னைப் பார்க்கிறது. நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்க்கிறது.

பீப்... பீப்... பீப்...

"மாமி!" என்று கத்தினேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மாமீ!"

கர்ர்ர்.

mami varamaatta

மாமி வரமாட்டா.

யுபிஎஸ் ஒரே மூச்சில் நீளமாகக் கத்தியது. நின்றது. திரை அணைந்தது. கம்ப்யூட்டரின் விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்தது.

முழு இருட்டு இல்லை. ஜன்னல் வழியாகச் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்தது. கறுத்த திரையில் என் உருவம் மங்கலாகத் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

நான் பின்னல் போட்டிருந்தேன்.

திரையில் இருந்தவளுக்குத் தலை விரிந்து தொங்கியது.

...

எழுந்தேன்.

முடியவில்லை.

பின்னாலிருந்து இழுத்தது. தோள் இரண்டும் நாற்காலியோடு ஒட்டின. மறுபடி எம்பினேன். நாற்காலி கூடவே வந்தது. சக்கரம் உருண்டது. திரும்ப உட்காரவைத்தது.

அப்போது சத்தம் கேட்டது. கீபோர்டில்.

டக்.

டக். டக்.

கரண்ட் இல்லாத, செத்துப்போன கம்ப்யூட்டரின் கீபோர்ட்.

டக். டக். டக்.

என் கை அதன்மேல் இல்லை.

துப்பட்டா... துப்பட்டாதான் மாட்டியிருந்தது. தோளில் குத்தியிருந்த பின்னைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இழுத்தேன். துணி கிழிந்தது. தோல் கிழிந்தது.

காதுக்குப் பக்கத்தில்...

மூச்சு.

சூடாக.

ஓடினேன்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழ்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். ரமாமணி மாமி கையில் மெழுகுவத்தியோடு திறந்தார். என் தோளில் ரத்தம் வழிவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னடியம்மா இது! என்ன ஆச்சு?"

"மாமி... கூப்பிட்டேனே... கேக்கலியா?"

மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான்னா உன்னைக் கூப்பிட்டேன். கரண்ட் போன உடனே படிக்கிட்ட நின்னு மூணு தரம் கூப்பிட்டேன், கீழ வாம்மான்னு. நீதானே பதில் சொன்னே?"

"நானா? இன்னா சொன்னேன்?"

"'உக்காந்துக்கினு இருக்கேன் மாமி, வரமாட்டேன்'னு சொன்னே. உன் குரல்தான். சிரிச்சுண்டே சொன்னே."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாமி என்னை உட்காரச் சொல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மழையில் ஓடிவந்துவிட்டார்கள்.

அன்றைக்கு யாரும் மாடி ஏறவில்லை. மறுநாள் காலை சார் வந்தபிறகு, அவரும் ராஜவேலு அண்ணனும் முன்னால் போக, நான் வாசலில் நின்றுகொண்டு பார்த்தேன். நாற்காலியில் என் துப்பட்டா தொங்கியது. சக்கரத்தில் மாட்டியிருக்கும் என்று சார் சொன்னார். ராஜவேலு அண்ணன் குனிந்தார். குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"சார்... இது மாட்டல சார். முடிச்சும் இல்ல. இத நீங்களே பாருங்க."

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்துபோனால், புதுப் பாவின் நூலை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய நூலோடு முறுக்கிச் சேர்ப்பார்கள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவார்கள். அப்போதுதான் வழுக்காது. முடிச்சே தெரியாது. என் துப்பட்டா ஓரத்து நூல்கள் அத்தனையும், மெத்தை உறையின் பிரிந்த பட்டு இழைகளோடு, ஒன்றுக்கு ஒன்று அப்படி முறுக்கிச் சேர்க்கப்பட்டிருந்தன. தொட்டுப் பார்த்த அண்ணனின் விரலில் சாம்பல் ஒட்டியது.

"கை தேர்ந்த ஆளு உக்காந்தாக்கூட இதுக்கு அரை நாள் ஆவும்" என்றார்.

நான் நாலு மணிக்கு டீ குடிக்க எழுந்திருந்தேன். துப்பட்டா என்னோடு கீழே வந்துவிட்டுத்தான் போனது. மாமியும் பார்த்தார். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம்.

சார் என்மேல் வைத்த சந்தேகத்துக்கு மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தை மாமி கையில் கொடுத்தனுப்பினார். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தெருப்பக்கம் பிறகு போகவில்லை. கொஞ்ச நாளில் சென்டரை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று விசாரிக்கவில்லை.

அதற்கப்புறம் என்னால் நாற்காலி, பெஞ்சு என்று எதிலும் உட்கார முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே செய்யும் வேலையாகப் பார்த்துச் சேர்ந்தேன். கம்பெனி பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவேன். கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அங்கே ஒருநாள் மத்தியானம், கேன்டீனில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு அக்கா எதிரில் தட்டோடு உட்கார்ந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பெயர் ரேணுகாம்பாள். அவரும் காஞ்சிபுரம். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசுகிறோம்.

"ஏம்மா நின்னுக்கினே துன்ற? எடம்தான் இருக்குதே."

ஏனோ அவரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. டிசைன் சென்டரில் வேலை பார்த்தேன், ஒரு ஃபோல்டர் திரும்பத் திரும்ப வந்தது என்று ஆரம்பித்தேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"தேவராஜன் சார் வூட்டு மாடியா?"

"உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"நான் அங்க மூணு மாசம் வேல செஞ்சேன். ரெண்டாயிரத்து அஞ்சுல. அப்ப பழைய சிஸ்டம். அப்புறம் அத எடைக்குப் போட்டாங்கன்னு சொன்னாங்க."

"உங்களுக்கும் வந்துச்சா? உக்காருன்னு?"

"உக்காருன்னா?" அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. எனக்கு அப்பிடி வரல. எனக்கு 'எழுந்திரு'ன்னு வந்துக்கினு இருந்துச்சு. தெனமும். அழிச்சா மறுபடி வரும். எழுந்திரு, எழுந்திரு, எழுந்திருடின்னு. கடைசி நாள் மட்டும் வேற ஒண்ணு வந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் வேலைய விட்டு நின்னுட்டேன். அர்த்தம் புரியல. ஆனா யாரையோ எதிர்பாத்துக்கினு இருக்குதுன்னு தோணுச்சு. எடத்த அவங்களுக்குக் காலி பண்ணச் சொல்லுதுன்னு."

"இன்னா வந்துச்சு?"

அவர் தண்ணீரைத் தொட்டு மேஜைமேல் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் காட்டினார்.

silvandu varuva

சில்வண்டு வருவா.

"பூச்சி பேருதானே அது?" என்று கேட்டார். "பூச்சி எப்பிடி வந்து உக்காரும்?"

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

குழந்தையில் நான் ஓயாமல் கத்தி அழுவேனாம். அதனால் அம்மா எனக்கு வைத்த பெயர் அது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெரியாது. சர்ச்சில் தெரியாது. இன்றைக்கும் அம்மா ஒருவர்தான் என்னை அப்படிக் கூப்பிடுகிறார்.

ரேணுகாக்கா சொன்ன அந்த வருடம் நான் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவுக்குள் அதுவரை நான் காலே வைத்ததில்லை.